போனவரும் நின்றவரும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



எதைப்பற்றிப் பேசுவது என்பதைத் தீர்மானிக்கும் உரிமையைச் சங்கத்தார் எமக்கே விட்டனர். இத்தகைய விழாக்களிலே இளைஞர் கடமை, ஒழுக்கம், பொதுத்தொண்டு என்பனபற்றிப் பேசுதல் வழக்கம். நாம் இன்று தொலைதூரத்து நாடொன்றின் வாலிபரைப்பற்றியும், அவர்தம் நட்பைப்பற்றியும் சில வார்த்தைகள் சொல்ல முன்வந்திருக்கின்றோம். அந்நாடு அயர்லாந்து. ஒன்றாய் வளர்ந்த இரு சிநேகிதருள் ஒருவர் கப்பலேறுகின்றார். மற்றவர் கரையில் நிற்கின்றார். போனவர் செய்தது சரியா, நின்றவர் செய்தது சரியா? இக்கேள்வியோடு 150 ஆண்டுகளுக்கு மேலாகக் குடித்தனம் நடத்திய நாடு அது.

மிஷன் பாடசாலையிலே கற்ற எமக்கு அயர்லாந்தின் பெயர் புதியதன்று. சரித்திர பாடத்திலே பஞ்சம் வந்த நாடென்றும், இலக்கிய பாடத்திலே பேர்னாட் ஷாவையும் யேற்ஸையும் தந்த நாடென்றும் படித்தோம். பஞ்சத்தில் இறந்தவர் தொகை புத்தகத்திலே இருந்தது. கப்பலேறியவர் தொகையும் இருந்தது. கப்பலேறியவனுடைய சிநேகிதன் கரையில் நின்று என்ன நினைத்தான் என்பது மாத்திரம் அங்கே இருக்கவில்லை. பின்னர்ப் பல்கலைக்கழக நூல்நிலையத்திலே ஐரிஷ் மக்கள் தம்மைப்பற்றித் தாமே எழுதிய நூல்கள் சிலவற்றை வாசித்தபோதே அதனை ஓரளவு அறிந்தோம். அறிந்ததைச் சபையோருடன் பகிர்ந்துகொள்வதே எமது நோக்கம்.

முதலிற் கணக்கைச் சொல்லிவிடுகின்றோம். கணக்கின்றி இவ்விஷயம் விளங்காது. 1841ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அயர்லாந்துத் தீவிலே ஏறக்குறைய 82 இலட்சம் மக்கள் வாழ்ந்தனர். அவர்களுட் பெருந்தொகையினர் பிறர் காணியிலே குத்தகைக்கிருந்து, உருளைக்கிழங்கையே பிரதான உணவாகக்கொண்டு சீவித்த ஏழைகள். 1845இல் அப்பயிரை நோயொன்று தாக்கிற்று. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் அது விடவில்லை. நாட்டை ஆண்டவர் ஆங்கிலேயர். சனங்கள் பட்டினியால் மடியும்போதும் தானியமும் கால்நடையும் துறைமுகங்களினூடாக வெளியே போய்க்கொண்டிருந்தன. 1852 வரையில் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் பசியாலும் காய்ச்சலாலும் இறந்தனர். 10 இலட்சத்துக்கு மேற்பட்டோர் நாட்டைவிட்டு நீங்கினர். 1851இல் மீண்டும் எண்ணியபோது தீவிலே 65½ இலட்சம் பேரே இருந்தனர்.

பஞ்சம் தீர்ந்தபின்னராவது கப்பல் நின்றதா என்றால், இல்லை. இங்கேதான் நாம் கவனிக்கவேண்டிய செய்தி இருக்கின்றது. பஞ்சத்துக்கு முன்னர் தகப்பன் தன் சிறு துண்டு நிலத்தைப் பிள்ளைகள் எல்லோருக்கும் பங்குபோட்டான். பங்கு சிறுத்துச் சிறுத்துப் பட்டினிக்கு இடமாயிற்று. பட்ட பாட்டின் பயனாக, காணியைப் பிரியாமல் ஒரே மகனுக்கு எழுதுவது பின்னர் வழக்கமாயிற்று. ஒரு மகளுக்குச் சீதனம் கொடுத்துக் கலியாணம் பேசுவார்கள். ஐந்தாறு பிள்ளைகள் உள்ள வீட்டிலே மற்றப் பிள்ளைகளின் கதி யாது? அவர்களுக்குக் காணியுமில்லை, சீதனமுமில்லை, ஊரிலே வேலையுமில்லை. எழுத வாசிக்கத் தெரியும். அமெரிக்காவுக்கு வழி தெரியும். பிள்ளை தொட்டிலிற் கிடக்கும்போதே அது போகும் பிள்ளையா, நிற்கும் பிள்ளையா என்பது பாதி தீர்மானமாகிவிட்டது என்றே சொல்லவேண்டும். 1890ஆம் ஆண்டளவிலே, அயர்லாந்திற் பிறந்து உயிரோடிருந்தவர்களுள் ஐவருக்கு இருவர் பிறநாட்டில் வாழ்ந்தனர்.

போனவர்கள் பெரும்பாலும் எமது வயதினர். ஆண்களைப் போலவே பெண்களும் போயினர். தகப்பனோ தமையனோ துணைவராமல், தனியே அல்லது சிநேகிதிகளோடு கப்பலேறினர். தெற்கே கோர்க் நகருக்கு அருகில் கோவ் என்றொரு துறைமுகம் உண்டு. 1848க்கும் 1950க்கும் இடையில் அயர்லாந்தை விட்டுப்போன 60 இலட்சம் பேருள் 25 இலட்சம் பேர் அவ்வொரு துறையினூடாகவே போயினர். நியூயோர்க்கின் எல்லிஸ் தீவிலே குடிவரவு நிலையம் 1892 ஜனவரி 1ஆந் திகதி திறக்கப்பட்டபோது, முதன்முதற் பதியப்பெற்றவள் ஆனி மூர் என்னும் 17 வயதுப் பெண். தம்பிமார் இருவரைக் கூட்டிக்கொண்டு கோவிலிருந்தே அவள் புறப்பட்டாள். அவளுக்கு இன்று இரு கரையிலும் சிலை நிற்கின்றது.

ஊரைவிட்டுப் போகிறவருக்கு முதல்நாள் இரவு ஒரு சடங்கு நடக்கும். அதனை 'அமெரிக்கச் சாவிரவு' என்ற கருத்துப்படவே வழங்கினர். இறந்தவரின் உடலை நடுவில் வைத்து இராமுழுவதும் அயலார் விழித்திருப்பது அந்நாட்டு வழக்கம். உயிரோடிருக்கும் பிள்ளைக்கும் அதேபோல விழித்திருந்தனர். அயல் முழுவதும் கூடும். பாட்டும் ஆட்டமும் நடக்கும். இடையிடையே வயதான பெண்கள் ஒப்பாரி வைப்பார்கள். விடிந்ததும் இளைஞர்கள் சிநேகிதனோடு வழித்துணையாக நடப்பார்கள். வடமேற்கிலுள்ள டொனகோல் மலைப்பகுதியிலே ஒரு சிறு கற்பாலம் இருக்கின்றது. அதற்குக் 'கண்ணீர்ப் பாலம்' என்று பெயர். வழியனுப்ப வந்தோர் அதுவரையும் வருவர். அதற்கப்பால், போகிறவர் தனியே டெரித் துறைமுகத்தை நோக்கி நடக்கவேண்டும். போனவருள் திரும்பி வந்தவர் மிகச் சிலரே ஆதலின், சாவிரவு என்ற பெயரை மிகையென்று சொல்ல எமக்கு மனம் வரவில்லை.

இந்தப் பின்னணியிலே மூன்று நட்புக்களை எடுத்துச் சொல்ல விரும்புகின்றோம். இரண்டு உண்மையில் நடந்தவை. ஒன்று நாடகத்தில் வருவது.

முதலாவது, பெக் சேயர்ஸ் என்னும் பெண்ணுடையது. அவள் 1873இல், நாட்டின் தென்மேற்குக் கோடியில் கெரிப் பகுதியைச் சேர்ந்த டன்குவின் என்னுங் கிராமத்திற் பிறந்தாள். ஏழைக் குடும்பம். பள்ளிக்கூடத்தை விட்டவுடன் டிங்கிள் பட்டினத்திலே ஒரு வீட்டில் வேலைக்காரியாய் அமர்ந்தாள். அவளுக்குக் கேற் போலண்ட் என்றொரு உயிர்ச் சிநேகிதி. கேற் அமெரிக்காவுக்குப் போனாள். போனவள் உழைத்துச் சேர்த்துச் சிநேகிதிக்குக் கப்பற்கூலி அனுப்புவாள், இருவரும் அங்கே ஒன்றாயிருப்போம் என்பது எண்ணம்.

இங்கே சபையோர் ஒன்றை நினைவிற் கொள்ளவேண்டும். அக்காலத்து ஏழை வாலிபர் தம் பணத்திற் கப்பலேறியது குறைவு. முன்னே போன அக்காளோ தமையனோ சிநேகிதரோ அங்கிருந்து சீட்டுக்குப் பணங்கட்டி அனுப்புவர். வந்தவர் உழைத்து அடுத்தவருக்கு அனுப்புவர். சங்கிலிக் கண்ணிகளைப் போல ஒருவரை ஒருவர் இழுத்த பயணம் அது. பெக் தன் சங்கிலியின் கண்ணியை எதிர்பார்த்திருந்தாள். வந்தது கடிதந்தான். கேற் ஒரு விபத்துக்குள்ளாகிவிட்டாள். கப்பற்கூலி அனுப்ப இயலாது என்று அதில் எழுதியிருந்தது.

அவ்வளவோடு பெக்கின் அமெரிக்கா முடிந்தது. 1892இல் பெரியோர் பேசிமுடித்தபடி, பெரிய பிளாஸ்கற் தீவைச் சேர்ந்த மீனவர் ஒருவரை மணந்து அத்தீவுக்குப் போனாள். அங்கே பிள்ளைகளைப் பெற்றாள், சிலரைப் பறிகொடுத்தாள். ஒரு மகன் மலைவிளிம்பிலிருந்து விழுந்து மாண்டான். முதுமையிலே அவள் சொல்ல மகன் எழுதிய சுயசரிதம் 1936இல் வெளியாயிற்று. அது பல்லாண்டு காலம் ஐரிஷ் பாடசாலைகளிலே பாடநூலாக இருந்தது. அவள் சொன்ன நூற்றுக்கணக்கான நாட்டுக்கதைகளை அறிஞர்கள் தேடிவந்து எழுதிவைத்தனர். ஐரிஷ் மொழியின் தலைசிறந்த கதைசொல்லிகளுள் ஒருத்தி என்ற பெயரோடு 1958இல் அவள் காலமானாள்.

இதைக் கேட்கும்போது, 'பார்த்தீர்களா, அவள் ஊரில் நின்றதாலல்லவோ மொழிக்குத் தொண்டு செய்தாள்' என்று சொல்லத் தோன்றும். அப்படிச் சொல்லுதல் நேர்மையாகாது. பெக் நிற்கத் தீர்மானித்து நின்றவளல்லள். சீட்டு வராமையால் நின்றவள். வந்திருந்தால் போயிருப்பாள், அதற்காக அவளைக் குறைசொல்லவும் எவருக்கும் உரிமை இராது. அவளுடைய பிள்ளைகளிற் பலர் பின்னர் அமெரிக்காவுக்கே போயினர். தாயின் கதைகளை நாடு பேணி வைத்துக்கொண்டது. அவள் பிள்ளைகளை வைத்துக்கொள்ள அந்நாட்டினால் இயலவில்லை.

இந்நட்பிலே எம்மைக் கவர்ந்தது கேற்றின் கடிதம். சொன்ன வாக்கை அவளாற் காப்பாற்ற முடியவில்லை. ஆயினும் உள்ளதை உள்ளபடி எழுதினாள். அக்காலத்திலே அமெரிக்காவிலிருந்து வந்த கடிதங்கள் ஊரிலே உரக்க வாசிக்கப்பட்டன. அவற்றிலே பணமிருக்கும், நல்ல செய்தி இருக்கும். கஷ்டம் எழுதப்படுவது குறைவு. பெற்றோர் மனம் நோகுமே என்று மறைத்தனர். தம் மானம் போகுமே என்றும் மறைத்தனர். அவற்றை வாசித்த தம்பிமாரும் சிநேகிதரும் அக்கரை முழுவதும் பச்சை என்று நம்பினர். தனக்கு நேர்ந்த விபத்தைச் சிநேகிதிக்கு எழுதிய பெண், அவள் காத்திருந்து வயதைக் கழிக்காமற் காப்பாற்றினாள்.

இரண்டாவது நட்பும் அதே பிளாஸ்கற் தீவைச் சேர்ந்தது. மொறிஸ் ஓ சலிவன் 1904இல் அங்கே பிறந்தவர். 1923இல் ஜோர்ஜ் தொம்சன் என்னும் ஆங்கிலேய வாலிபர் அத்தீவுக்கு வந்தார். கேம்பிரிட்ஜிலே கிரேக்கம் படித்த அவர் ஐரிஷ் மொழியையுங் கற்க விரும்பி வந்தவர். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஒருவர் மற்றவருக்குப் பேச்சுமொழியைக் கற்பித்தார், தீவு முழுவதும் கூடித் திரிந்தனர், நட்பு முதிர்ந்தது.

அந்நாட்களிலே தீவின் இளைஞர் ஒவ்வொருவராக அமெரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்தனர். மசச்சூசெற்ஸ் மாகாணத்து ஸ்பிறிங்பீல்ட் நகரிலே தீவு மக்கள் பெருவாரியாகக் குடியேறியிருந்தனர். மொறிஸ் போவதற்கும் வழி அதுவாகவே இருந்தது. தொம்சன் குறுக்கே நின்றார். 'அமெரிக்கா வேண்டாம், டப்ளினுக்கு வந்து பொலிஸ் படையிற் சேர்' என்பது அவர் யோசனை. வெளிநாடு போகாதே என்று உபதேசிப்பது எளிது. போகாவிட்டால் என்ன செய்வது என்பதற்கும் அவர் விடை வைத்திருந்தார். மொறிஸ் யோசித்தார், நண்பரின் சொல்லைக் கேட்டார். 1927இல் புதிய ஐரிஷ் அரசின் பொலிஸ் படையிற் சேர்ந்து, மேற்கே கொனமாராவுக்கு அனுப்பப்பட்டார். நண்பரின் தூண்டுதலினால் தம் இளமைக்காலத்தை ஐரிஷ் மொழியிலே எழுதினார். 'இருபது ஆண்டு வளர்ச்சி' என்று பொருள்படும் அந்நூல் 1933இல் வெளிவந்தது. தொம்சன் வேறொருவரோடு சேர்ந்து செய்த ஆங்கில மொழிபெயர்ப்பும் அதே ஆண்டில் வந்தது. அதிலே அமெரிக்கச் சாவிரவுபற்றி ஓர் அத்தியாயமே இருக்கின்றது.

கதை இத்தோடு முடிந்திருந்தால், 'நின்றவன் வென்றான்' என்று நாம் மகிழலாம். ஆனால் உண்மை வேறுவிதமாய் முடிந்தது. மொறிஸ் ஓ சலிவன் 1950இல், 46 வயதிலே, கோல்வே நகருக்கு அணித்தான கடலில் நீராடும்போது மூழ்கி இறந்தார். அவர் பிறந்த தீவும் நிலைக்கவில்லை. இளைஞர் போகப்போகப் படகோட்ட ஆளில்லை. பிள்ளைகள் இல்லாமற் பள்ளிக்கூடம் 1941இல் மூடப்பட்டது. 1947இன் தொடக்கத்திலே ஓர் இளைஞர் நோயுற்றார். கடுங்காற்றினால் வைத்தியர் வர இயலாமல் அவர் இறந்தார். 1953 நவம்பரிலே, தீவில் எஞ்சியிருந்த 22 பேரையும் அரசாங்கம் பெருநிலத்துக்கு அழைத்துக்கொண்டது. தம் இளமைத் தீவை மொறிஸ் புத்தகத்திலே காத்துவைத்தார். தீவைக் காக்க ஒருவருடைய நிற்றல் போதவில்லை.

ஆகவே, 'நில்' என்று சொல்லும் நண்பருக்கு ஒரு பொறுப்பு உண்டு. தொம்சன் அப்பொறுப்பை உணர்ந்தவர். நண்பருக்கு ஒரு சீவனோபாயத்தைக் காட்டினார்; நூல் அச்சேறும்வரை கூடவே நின்றார்; தாமும் சிலகாலம் கோல்வேப் பல்கலைக்கழகக் கல்லூரியிலே ஐரிஷ் மொழிமூலம் கிரேக்கம் படிப்பித்தார். கையில் ஒன்றுமில்லாதவனை 'நாட்டுப்பற்று' என்ற சொல்லொன்றினாற் கட்டிவைக்க அவர் முயலவில்லை.

மூன்றாவது நட்பைச் சொல்லுமுன் அக்காலத்தின் நிலைமையைச் சொல்லவேண்டும். 1922இல் தெற்கு அயர்லாந்து தன்னாட்சி பெற்றது. ஆங்கிலேயர் போய்விட்டால் நம் பிள்ளைகள் ஊரிலேயே இருப்பார்கள் என்று சுதந்திரத்துக்குப் பாடுபட்டவர்கள் நம்பினர். நடந்தது அதற்கு மாறு. 1951க்கும் 1961க்கும் இடைப்பட்ட பத்தாண்டுகளிலே மாத்திரம், வந்தவரைக் கழித்துப் பார்க்க, 4 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வெளியேறினர். குடியரசின் சனத்தொகை 1961இல் 28 இலட்சமாகக் குறைந்தது. அதே நிலப்பரப்பில் 1841இல் 65 இலட்சம் பேர் வாழ்ந்தனர் என்பதை நோக்குக. இப்போது பெரும்பாலோர் போனது அமெரிக்காவுக்கன்று. பழைய எசமானனாகிய இங்கிலாந்துக்கு. மாலையில் டன் லேரித் துறையிலே தபாற் கப்பலேறினால் அடுத்தநாட் காலை இலண்டன். ஆண்கள் வீதியும் வீடும் கட்டினர். பெண்கள் 1948இல் தொடங்கிய பிரித்தானிய தேசிய சுகாதார சேவையின் ஆசுபத்திரிகளிலே தாதிமாராயினர். அரசாங்கம் 1948இல் ஒரு விசாரணைக் குழுவை நியமித்தது. அது ஆறாண்டு ஆராய்ந்து அறிக்கை கொடுத்தது. அதற்கிடையிற் கப்பல்கள் நிறைந்தே போயின.

இந்தக் காலத்து வாலிபரின் உள்ளத்தை மேடையிலே காட்டியவர் பிறையன் பிரீல் என்னும் நாடகாசிரியர். 'பிலடெல்பியாவே, இதோ வருகின்றேன்' என்று பொருள்படும் அவருடைய நாடகம் 1964இல் டப்ளினில் முதன்முதல் ஆடப்பெற்றது. கார் என்பவன் 25 வயது வாலிபன். டொனகோலிலே தகப்பனின் கடையில் நிற்கின்றான். விடிந்தால் அமெரிக்காவில் உள்ள சிற்றன்னையிடம் போகவேண்டும். அந்த ஓரிரவே நாடகம். காரின் வேடத்தை இரு நடிகர் பூணுகின்றனர். ஒருவர் பிறர் காணும் கார். மற்றவர் அவன் உள்ளே பேசும் கார். உள்ளே இருப்பவனை மேடையில் வேறெவரும் காணார். தகப்பனும் மகனும் ஒரே மேசையில் இருந்து உண்கின்றனர். சொல்லவேண்டியது இருவரிடத்தும் நிறைய இருக்கின்றது. கடைச்சரக்கைப்பற்றிய பேச்சுக்கு மேல் ஒன்றும் எழுவதில்லை.

பின்னர்ச் சிநேகிதர் மூவர் வருகின்றனர். விடைகொடுக்க வந்தவர்கள்தாம், ஆனால் அதைத் தவிர மற்றெல்லாம் பேசுகின்றனர். பழைய வீரப்பிரதாபங்களை உரக்கச் சொல்லிச் சிரிக்கின்றனர்; அவற்றுள் நடவாதவையே அதிகம். புறப்படும் நேரத்திலே நெட் என்னும் சிநேகிதன் தன் இடைவாரைக் கழற்றிக் காரிடம் எறிந்துவிட்டுப் போகின்றான். 'உன்னைப் பிரிவது எனக்குத் துயரம்' என்று சொல்ல வாய் வராதவனுக்கு அந்த இடைவார் சொல்லாயிற்று. நாடகம் முடியும்போதும் தான் ஏன் போகின்றான் என்பதற்குக் காரிடம் தெளிந்த விடை இல்லை.

பெரியோர்களே, இம்மூன்றாவது நட்பே எம்மை மிகவும் வருத்துகின்றது. கேற் கடல் கடந்தும் உண்மையை எழுதினாள். தொம்சன் நேருக்கு நேர் யோசனை சொன்னார். காருடைய சிநேகிதர் ஒரே அறையில் இருந்தும் பேசமாட்டாதவராயினர். அவர்களுக்குள் அன்பு குறைவென்று நாம் கருதவில்லை. போகிறவன் வாய்திறந்தால் தன் ஐயம் வெளிப்படும். நிற்கிறவன் வாய்திறந்தால் தன் பொறாமை வெளிப்படும். 'நான் ஏன் போகவில்லை?' என்று தன்னையே கேட்கவேண்டி வரும். ஆகவே இருவரும் சிரித்தே இரவைக் கழித்தனர். இப்படிப் பிரிந்தவர்கள் பின்னர் ஒருவரையொருவர் தவறாக எண்ணுவது எளிது. போனவனை நின்றவன் 'நம்மைக் கைவிட்டவன்' என்பான். நின்றவனைப் போனவன் 'துணிவில்லாதவன்' என்பான். இரு தீர்ப்பும் பெரும்பாலும் பிழை. காணி யாருக்கு எழுதப்பட்டது, சீட்டு யாருக்கு வந்தது, வயதான தாயை யார் பார்ப்பது என்பவை அவர்கள் இருவரையுங் கேளாமலே முடிவாகியிருந்தன.

அயர்லாந்து பின்னர் என்ன செய்தது என்பதையும் சொல்லவேண்டும். சொல்லாவிடில் எமது பேச்சு வெறும் புலம்பலாய்விடும். 1956இல் விற்றேக்கர் என்பவர், தம் 39ஆம் வயதிலே, நிதிப்பகுதியின் தலைமை உத்தியோகத்தரானார். நாடு இப்படியே போனால் சுதந்திரத்தின் பொருளே கேள்விக்குரியதாகும் என்று அவர் கவலைப்பட்டார். 1958இல் அவர் முன்வைத்த பொருளாதார அபிவிருத்தித் திட்டம், மூடிய சந்தையைத் திறந்து, பிறநாட்டு முதலையும் கைத்தொழிலையும் உள்ளே அழைத்தது. 1959இற் பிரதம மந்திரியான லெமாஸ் அதனை நடைமுறைப்படுத்தினார். 1967 முதல் இடைநிலைக் கல்வி இலவசமாயிற்று. 1973இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்திலே அயர்லாந்து சேர்ந்தது. அந்த 1970களிலே வெளியேறியவரைவிட உள்ளே வந்தவர் தொகை அதிகமாயிற்று. இங்கிலாந்திலே கல்லடுக்கியவர் சிலர் பிள்ளைகுட்டிகளோடு ஊர் திரும்பினர்.

நோய் முற்றாக நீங்கியது என்று கொள்ளவேண்டாம். 1980களிலே வேலையின்மை பெருகி மீண்டும் வாலிபர் புறப்பட்டனர். 2008இல் வங்கிகள் சரிந்தபின், வேலையற்றோர் நூற்றுக்கு 15 வரையில் உயர, பட்டதாரிகள் அவுஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் போயினர். கிராமத்துக் காற்பந்துக் கழகங்கள் சில, 15 பேர் கொண்ட அணியை நிறைக்க ஆளின்றித் தவித்தன. பின்னர் நிலைமை மறுபடியும் சீரடைந்தது. 2022ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பிலே குடியரசின் சனத்தொகை 51 இலட்சத்தைத் தாண்டிற்று. 1851க்குப் பின் 50 இலட்சத்தைத் தாண்டியது அதுவே முதல்முறை. ஆயினும் தீவு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால், 1841இன் தொகையை அது இன்னும் எட்டவில்லை. 180 ஆண்டுகள் சென்றும் ஆறாத காயம் அது.

இதிலிருந்து நாம் கற்பது யாது? வாலிபர் ஊரை விட்டுப் போவது விதியன்று. வேலையும் கல்வியும் வந்தபோது அது குறைந்தது. உபதேசத்தினால் அது குறையவில்லை. அறிக்கை எழுதியவர்களும் மேடையிற் பேசியவர்களும் நூறு ஆண்டுகளாகத் தடுக்கமுடியாததை, தொழிற்சாலை வாயிலும் பள்ளிக்கூட வாயிலும் திறந்தபோது தடுக்க முடிந்தது. அப்போதுதான் 'நிற்கின்றேன்' என்ற சொல்லுக்கும் 'போகின்றேன்' என்ற சொல்லுக்கும் ஒத்த மதிப்பு உண்டாயிற்று. வேறு வழியின்றி நிற்பதும் வேறு வழியின்றிப் போவதும் தெரிவாகா.

சபையோரே, இவ்வளவு தூரம் ஐரிஷ் வாலிபரைப்பற்றிக் கேட்டபோது உங்களிற் பலர் உள்ளத்திலே வேறு முகங்கள் தோன்றியிருக்கும் என்பதை நாம் அறிவோம். 1983க்குப் பின் எம் மக்கள் போரினால் ஓடிய ஓட்டத்தை ஐரிஷ் மக்களின் பயணத்தோடு சமமென்று சொல்ல நாம் துணியோம். உயிருக்குத் தப்பி ஓடுவது வேறு, உழைப்புத் தேடிப் போவது வேறு. ஆனால் 2022இன் பொருளாதார நெருக்கடியின் பின்னர், கடவுச்சீட்டு அலுவலகத்தின் முன் இரவிரவாக வரிசையில் நின்ற வாலிபரின் உள்ளத்திலே இருந்த கேள்வி, காரின் கேள்விதான். எமது சகபாடிகளிற் பலர் போய்விட்டனர், சிலர் போக ஆயத்தமாகின்றனர், சிலர் நிற்கின்றோம். ஆகையால், அயர்லாந்தின் மூன்று நட்புக்களையும் மனதிற்கொண்டு சில விண்ணப்பங்களைப் பணிவோடு வைக்கின்றோம்.

போகின்ற சகோதரர்களே, கேற் எழுதியதுபோல எழுதுங்கள். பனியிலே நின்று எடுத்த படத்தை அனுப்பும்போது, பனியிலே எத்தனை மணிக்கு வேலைக்கு எழும்புகின்றீர்கள் என்பதையும் எழுதுங்கள். உங்கள் சொல்லை நம்பியே அடுத்த தம்பி காணியை ஈடுவைக்கப் போகின்றான். சுகமென்றால் சுகமென்றும், கஷ்டமென்றால் கஷ்டமென்றும் அவன் அறியட்டும்.

நிற்கின்ற சகோதரர்களே, சிநேகிதன் புறப்படுமுன் அவனோடு ஒருதரம் மனந்திறந்து பேசுங்கள். 'ஏன் போகின்றாய்?' என்று குற்றஞ்சாட்டாமற் கேளுங்கள். நிற்பதற்கு வழியொன்று தெரிந்தால் தொம்சனைப் போல அதையுஞ் சொல்லுங்கள். வழி தெரியாவிட்டால் வாழ்த்தி அனுப்புங்கள். நின்றதனால் நாம் தோற்றவர்கள் என்றும், நின்றதனால் நாம் உயர்ந்தவர்கள் என்றும் எண்ணவேண்டாம்.

பெரியோர்களே, பிள்ளையை அனுப்புவதா நிறுத்துவதா என்று வீட்டிலே யோசிக்கும்போது, அந்தப் பிள்ளையையும் யோசனையிற் சேர்த்துக்கொள்ளுங்கள். காரின் தகப்பனார் மகனை நேசித்தவர். அந்நேசம் மகனுக்குத் தெரியாமலே அவன் போனான். அனுப்பும் பணத்தைக்கொண்டு மாடி கட்டுவதோடு, ஊரில் நிற்கும் நாலு வாலிபர் கைத்தொழில் ஒன்று கற்க வழிசெய்தால், அடுத்த தலைமுறைக்குத் தெரிவு என்பது சற்றேனும் உண்டாகும்.

எமது சங்கமும் இதிலே ஒரு காரியஞ் செய்யலாம். போனவர்களின் பெயரை அங்கத்தவர் இடாப்பிலிருந்து வெட்டிவிடாமல், அவர்களுக்கெனத் தனிப்பக்கம் வைக்கலாம். இந்த மலரை ஆண்டுதோறும் அவர்கட்கு அனுப்பலாம். அவர்களிடமிருந்து பணத்தைக் கேட்குமுன் ஒரு கடிதத்தைக் கேட்கலாம். அக்கடிதங்களை அடுத்த மலரிலே உள்ளபடி அச்சிடலாம். போக நினைப்பவன் அவற்றை வாசித்துவிட்டுப் போகட்டும், அல்லது வாசித்துவிட்டு நிற்கட்டும். இடைவாரை எறிந்துவிட்டுப் போகும் நிலை எமது சிநேகிதருக்கு வரவேண்டாம்.